வெயின் ஃபைண்டர் இருந்தும் லைன் ஏறவில்லையா? குழந்தைகள் வார்டுக்கான வழிமுறை

எங்கள் குழந்தைகள் வார்டுக்கு, தோலுக்கு அடியில் இருக்கும் நரம்பை ஒளியால் காட்டும் வெயின் ஃபைண்டர் வந்த முதல் மாதம் ஆளுக்கு ஆள் அதை எடுத்தார்கள். மூன்றாவது மாதம் அது சார்ஜர் வயரோடு அலமாரியில் சுருண்டு கிடந்தது. "லைட்ல நல்லாத்தான் தெரியுது, குத்தினா ஏற மாட்டேங்குது" என்பதுதான் எல்லோர் புகாரும். அதற்குப் பிறகு, லைன் (ட்ரிப்ஸும் மருந்தும் ஏற்ற நரம்பில் செருகும் குழாய்) தவறும் ஒவ்வொரு முறையும் எங்கே தவறியது என்று ஒரு பழைய நோட்டில் குறித்து வைக்க ஆரம்பித்தேன். அந்த நோட்டிலிருந்து எடுத்ததுதான் இது. மெஷின் மீது பழி போட்டதில் பெரும்பாலானவை அதன் குற்றமே இல்லை. பிடித்த கோணம், தேர்ந்தெடுத்த கோடு, எடுத்த நேரம், இந்த மூன்றில் ஏதோ ஒன்றுதான்.

புத்தகத்தில் சிரை என்று இருக்கும். வார்டில் டாக்டர் முதல் பாட்டி வரை எல்லோருக்கும் அது நரம்புதான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

புழக்கத்தில் இரண்டு வகை உண்டு. தோலைத் தொடாமல் மேலே பிடித்தால் நரம்பின் படத்தைத் தோல் மேலேயே வீழ்த்துவது ஒன்று. அக்யூவெய்ன், வெய்ன்வியூவர் எல்லாம் இந்த இனம். வளையம் போல் தோலில் ஒட்டி வைக்கும் எல்இடி விளக்கு இன்னொன்று. வெய்ன்லைட் அந்த இனம். கீழே பெரும்பாலும் முதல் வகையைப் பற்றிச் சொல்கிறேன். வளையத்துக்கு மாறும் இடங்களில் குறிப்பிடுகிறேன்.

ஆரம்பிக்கும் முன்: யாருக்கு எடுப்பது, எப்போது நிறுத்துவது

மூன்று முறை குத்தித் தவறிய பிறகு "அந்த லைட்டைக் கொண்டு வா" என்பதுதான் முதல் தப்பு. அதற்குள் கையில் இரண்டு இடம் கன்றிப்போயிருக்கும், குழந்தை அழுது களைத்திருக்கும். கன்றிய ரத்தமும் படத்தில் கருப்பாகவே விழும். எடுப்பதென்றால் முதல் குத்துக்கு முன்பே எடுங்கள்.

எல்லாக் குழந்தைக்கும் தேவையில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும், பொதுவாக எல்லோருக்கும் இது வெற்றியைக் கூட்டுவதில்லை, நரம்பு கிடைக்கக் கடினமான குழந்தைகளிடம்தான் பலன் தெரிகிறது என்கிறார்கள். யார் கடினம் என்று கணக்குப் போட டிவா மதிப்பெண் இருக்கிறது: நரம்பு கண்ணுக்குத் தெரியாவிட்டால் 2, விரலுக்குத் தட்டுப்படாவிட்டால் 2, ஒரு வயதுக்குள் என்றால் 3, ஒன்று இரண்டு வயது என்றால் 1, குறைமாதத்தில் பிறந்திருந்தால் 3. கூட்டினால் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் முதல் குத்து தவறும் வாய்ப்பு பாதிக்கும் அதிகம். அந்தக் குழந்தைக்கு லைட்டையும், கை பழகிய ஒருவரையும் முதலிலேயே கூப்பிடுங்கள்.

நிறுத்தும் இடத்தையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஒருவருக்கு இரண்டு குத்து. அதற்கு மேல் கை மாற வேண்டும். மொத்தம் நான்கு ஆகிவிட்டால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, லைன் அவசியம்தானா, வேறு வழி உண்டா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். குத்தும் வேகத்தில் இந்தக் கணக்கு மறந்துபோகும். எங்கள் வார்டில் கையைப் பிடித்துக்கொள்பவர்தான் எண்ணிக்கை சொல்வார்.

## படம் விழவில்லை, அல்லது மங்கலாக விழுகிறது

அறை வெளிச்சத்தைப் பாருங்கள். ஜன்னல் வழியாக வரும் வெயிலும் பழைய ஹாலோஜன் ஃபோகஸ் விளக்கும் படத்தைத் தின்றுவிடும், ஏனென்றால் மெஷின் பயன்படுத்தும் அதே கண்ணுக்குத் தெரியாத ஒளி இரண்டிலும் இருக்கிறது. சாதாரண எல்இடி ட்யூப்லைட் அவ்வளவு தொந்தரவு தராது. எங்கள் ப்ரொசீஜர் ரூம் மேற்குப் பார்த்தது. மாலை நான்கு மணிக்கு மேல் மெஷின் "ரிப்பேர்" ஆகிவிடும். ஒரு பச்சைத் துணியைத் திரையாகக் கட்டியதும் ரிப்பேர் சரியாகிவிட்டது.

தூரம். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை பிடித்துப் பாருங்கள். குழந்தை துள்ளத் துள்ள மெஷினைப் பிடித்தவர் தன்னையறியாமல் பின்வாங்குவார். படம் பெரிதாகும், ஆனால் வெளிறும். சரியான தூரம் மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும். கூட வந்த கையேட்டில் இருக்கும் அளவை மெஷின் மேலேயே ஒரு பிளாஸ்டரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

தோல். ஸ்பிரிட் ஈரத்தோடு பளபளத்தால் படம் சிதறும். காயட்டும், எப்படியும் காய்ந்தால்தான் கிருமி சாகும். மரத்துப்போக ப்ரைலாக்ஸ் அல்லது எம்லா க்ரீம் போட்டிருந்தால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். க்ரீமை முழுக்கத் துடைக்க வேண்டும். அந்த மருந்தே தோலை வெளிறச் செய்து நரம்பைச் சுருக்கும் என்பதால், துடைத்த உடனே தேடாமல் சில நிமிடம் விட்டுவிட வேண்டும்.

குளிர்ந்த கை. மழையில் பைக்கில் வந்த குழந்தை, ஏசி அறையில் டயப்பரோடு கிடந்த குழந்தை. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்துவிட்டு, குழந்தையின் கையில் இரண்டு மூன்று நிமிடம் சுற்றுங்கள். வெந்நீர் நிரப்பிய கிளவுஸ் வேண்டாம். குழந்தைத் தோல் வெந்துபோகும்.

டூர்னிகெட், அதாவது நரம்பு புடைக்கக் கையில் கட்டும் பட்டை. இறுக்கிக் கட்டினால் உள்ளே வரும் ரத்தமும் நின்றுவிடும். நரம்பு நிறைய ரத்தமே இருக்காது. கட்டிய பிறகு மணிக்கட்டில் நாடி தட்டுப்பட வேண்டும். சின்னக் குழந்தைக்கு ரப்பர் கட்டை விட ஒருவர் கையால் மென்மையாகச் சுற்றிப் பிடிப்பது மேல்.

இதெல்லாம் சரியாக இருந்தும் படம் மங்கல் என்றால் லென்ஸைத் துடையுங்கள், சார்ஜ் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் கடைசியில் உள்ள மெஷின் பகுதிக்குப் போங்கள்.

*வளைய வகை என்றால்:* அழுத்தி வைத்தால் அதன் அழுத்தத்திலேயே நரம்பு காலியாகிவிடும். கோடு வந்து வந்து மறைந்தால் இதுதான் காரணம். வளையம் முழுக்கத் தோலில் படட்டும், ஆனால் எடை ஏறக்கூடாது. அறையைக் கொஞ்சம் இருட்டாக்குங்கள்.

## கோடு நிறையத் தெரிகிறது, எதைக் குத்துவது?

தவறுகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத கையில் திடீரென்று நதி வரைபடம் மாதிரி கோடுகள் விழுந்ததும், மிகக் கருப்பான, மிகத் தெளிவான கோட்டைத்தான் கை தேடிப் போகும். ஆனால் விளிம்பு கத்தி போலத் தெளிவாக இருக்கும் கோடு பெரும்பாலும் தோலுக்கு ஒட்டிய மெல்லிய நரம்பு. மெல்லிய 24ஜி கானுலா (நரம்புக்குள் நிறுத்தும் பிளாஸ்டிக் குழாய்) கூட அதில் நிற்காது. சற்று ஆழத்தில் இருக்கும் நல்ல நரம்பு விளிம்பு கலங்கி, சாம்பல் நிறமாகத்தான் தெரியும். மெஷின் அகலத்தைக் காட்டும், ஆழத்தைக் காட்டாது. காட்டும் அகலமும் உண்மையை விடக் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம்.

ஆகவே கோட்டைப் பார்த்ததும் மூன்று சோதனை செய்யுங்கள்.

முதலில் விரல் சோதனை. லைட் எரியும்போதே, கோட்டின் கீழ்முனையில், அதாவது விரல்கள் இருக்கும் பக்கம், ஒரு விரலால் அழுத்துங்கள். இன்னொரு விரலால் இதயம் இருக்கும் திசையில் நீவி விடுங்கள். கோடு வெளுத்து மறையும். கீழ் விரலை எடுத்ததும் சட்டென்று நிரம்ப வேண்டும். நிரம்பினால் ரத்தம் ஓடும் நரம்பு. நீவியும் மறையாவிட்டால் அது கன்றல், தோல் மடிப்பு, அல்லது முன்பே லைன் போட்டு அடைத்துப்போன நரம்பு. கீழ் விரலை எடுக்கும் முன்பே மேலிருந்து பாதி வரை நிரம்பி நின்றால், அங்கே ரத்தம் பின்வாங்காமல் தடுக்கும் வால்வு ஒன்று இருக்கிறது.

அடுத்தது நீளம். 24ஜி கானுலா சுமார் 19 மில்லிமீட்டர் நீளம். ஆகவே வளைவோ மூட்டோ இல்லாமல் நேராக இரண்டு சென்டிமீட்டர் வேண்டும். குத்தும் இடத்திலிருந்து அளக்க வேண்டும், கோட்டின் நடுவிலிருந்து அல்ல. மஞ்சள் கானுலாவை உறையோடு கோட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணளவு ஏமாற்றும்.

மூன்றாவது, லைட்டை அணைத்துவிட்டு விரலால் தடவிப் பார்ப்பது. இதைச் செய்யப் பலருக்குக் கூச்சம்: "அதான் லைட்ல தெரியுதே!" துள்ளல் தட்டுப்பட்டால் அதுதான் உங்கள் நரம்பு. தட்டுப்படாவிட்டாலும் நல்ல கோடாக இருக்கலாம், ஆனால் ஆழத்தை நீங்கள் ஊகிக்கப் போகிறீர்கள் என்பதாவது தெரிந்திருக்கும்.

இரண்டு கோடு சேர்ந்து ஒன்றாகும் இடம் கிடைத்தால் விடாதீர்கள். கவட்டைக் கொம்பு மாதிரி இருக்கும் அந்தச் சந்திப்புக்குச் சற்று முன்பு குத்தினால் நரம்பு பக்கவாட்டில் நழுவாது.

இடத் தேர்வில் என் வரிசை: புறங்கை, முன்கை, உள்கணுக்காலுக்கு முன்னால் ஓடும் நரம்பு, நடக்க ஆரம்பிக்காத குழந்தைக்குப் புறங்கால். முழங்கை மடிப்பு லைட்டில் எப்போதும் அழகாகத் தெரியும், ஆனால் குழந்தை கையை மடக்கியதும் லைன் போய்விடும். விரல் சூப்பும் கையையும் விட்டுவிடுங்கள். எந்தக் கை என்று அம்மாவுக்குத் தெரியும், கேளுங்கள்.

## கோட்டின் மேலேயே குத்தினேன், ரத்தம் வரவில்லை

டெங்கு சீசன், ஐப்பசி மாதம், வார்டில் கட்டிலுக்கு இரண்டு குழந்தை. பதினொரு மாதப் பெண் குழந்தை ஒன்று. முன்கையில் ஒரு விரற்கடை நீளத்துக்கு நேரான கோடு. விரல் சோதனையும் சரி. குத்தினேன், இல்லை. வெளியே எடுத்து மில்லிமீட்டர் தள்ளிக் குத்தினேன், இல்லை. பாட்டி வாசலில் நின்றுகொண்டு, "ஏம்மா, புள்ள கையச் சல்லடையாக்காதீங்கம்மா" என்றார். என் இரண்டு குத்து முடிந்தது. அடுத்து வந்த அக்கா ஊசியைத் தொடவே இல்லை. முதலில் ட்ரிப்ஸ் ஸ்டாண்டை நகர்த்தினார். அந்த ஸ்டாண்ட் இடித்ததால் மெஷினைப் பிடித்திருந்த பெண் பக்கவாட்டில் சாய்ந்து நின்றிருக்கிறாள். நேராக மேலே பிடித்ததும் கோடு என் இரண்டு குத்துக்கும் பக்கத்தில் நகர்ந்து விழுந்தது. ஒரே குத்து.

சாய்வு: முதலில் பார்க்க வேண்டியது இதுதான். படம் விழுவது தோலின் மேல். நரம்பு இருப்பது உள்ளே. மெஷின் சாய்ந்தால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்காது. உங்கள் முன்கை நரம்பின் மேல் பிடித்து இடமும் வலமுமாகச் சாய்த்துப் பாருங்கள், கோடு நகர்வது தெரியும். ஆழம் கூடக் கூட நகர்வும் கூடும். குழந்தையின் கை உருண்டை என்பதால் கையின் ஓரத்தில் ஓடும் கோட்டுக்கு, அந்த ஓரம் மேலே வரும்படி கையைத் திருப்ப வேண்டும். மெஷினைச் சாய்த்து எட்டிப் பார்க்கக்கூடாது.

தோலை இழுத்தது. கோட்டைத் தேர்ந்தெடுத்த பிறகு கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடிப்போம். கோடும் கூடவே நகரும், சில சமயம் தட்டையாகி மறைந்தே போகும். தோலை இழுத்துப் பிடித்த நிலையில் மறுபடி ஒரு முறை படத்தைப் பாருங்கள். மறைந்தால் இழுவையைத் தளர்த்துங்கள்.

ஊசி மேலேயே போகிறது, அல்லது துளைத்துக்கொண்டு போய்விட்டது. கோடு நேராகத் தெரிவதால் கை செங்குத்தாக இறங்கப் பார்க்கும். சின்னக் குழந்தைக்கு 10 முதல் 15 டிகிரி போதும். கோட்டின் மேல் நேராகக் குத்தாமல் சில மில்லிமீட்டர் முன்னால் தோலில் நுழைந்து, பிறகு நரம்பை எட்டுங்கள்.

ரத்தம் வரத் தாமதம். 24ஜி-யில், அதுவும் வறண்ட குழந்தையில், ரத்தம் மெதுவாகத்தான் ஏறும். நரம்புக்குள் போன பிறகும் வரவில்லை என்று நினைத்து இன்னும் தள்ளி மறுபக்கம் துளைத்துவிடுகிறோம். ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஒரு மூச்சு நின்று பாருங்கள். இன்னொன்று: சிவப்பு ஒளியில் கானுலாவுக்குள் ஏறும் சிவப்பு ரத்தம் கண்ணுக்குத் தப்பும். குத்திய பிறகு லைட்டைச் சற்று நகர்த்தச் சொல்லிவிடுங்கள்.

பிடிக்க மூன்றாவது ஆள் இல்லையா? லைட்டை நேராகப் பிடித்து, கோட்டின் இரு முனைகளிலும் ஸ்கின் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். குத்தும் இடத்தில் மை படக்கூடாது. லைட்டை வைத்துவிட்டு இரு புள்ளிக்கும் இடையில் விரலால் தடவிக் குத்துங்கள்.

ஊசி உள்ளே இருக்கும்போதே அங்குமிங்கும் துழாவ வேண்டாம். ஒரு முறை பின்னிழுத்துத் திசை திருத்தலாம். அதற்கு மேல் போனால் அதுவே தனிக் குத்து, எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். டெங்குவில் ப்ளேட்லெட் குறைந்த குழந்தைக்கு இந்தத் துழாவல் பெரிய கன்றலில் முடியும்.

## ரத்தம் வந்தது, கானுலா ஏறவில்லை

ஊசி நுனிதான் உள்ளே போயிருக்கிறது, பிளாஸ்டிக் குழாய் இன்னும் வெளியே. ரத்தம் கண்டதும் கோணத்தைத் தோலோடு ஒட்டும் அளவுக்குத் தாழ்த்தி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஊசியோடு சேர்த்து முன்னே நகர்த்துங்கள். பிறகுதான் குழாயைத் தள்ள வேண்டும்.

கொஞ்சம் ஏறி முட்டி நின்றால் வால்வு. வலுவாகத் தள்ளாதீர்கள். டூர்னிகெட்டைத் தளர்த்தி, ஊசியை எடுத்துவிட்டு, 2 மில்லி சிரிஞ்சில் சலைன் வைத்து மெதுவாகச் செலுத்திக்கொண்டே குழாயை நகர்த்திப் பாருங்கள். வால்வு திறந்து வழிவிடும். சலைன் போகும்போதே தோல் உப்பினால் நிறுத்திவிடுங்கள். ஒரு முறை வெளியே எடுத்த ஊசியைக் குழாய்க்குள் திரும்பச் செருகவே கூடாது. குழாயின் நுனி அறுந்து உள்ளேயே தங்கிவிடும்.

## ஏறிவிட்டது, ஃப்ளஷ் போட்டால் வீங்குகிறது

குண்டுக் கையில் வீக்கம் தெரிய நேரமாகும். இங்கேதான் இந்த மெஷின் எனக்குப் பிடித்துப்போனது. லைட்டை நேராகப் பிடித்துக்கொண்டு சலைனை மெதுவாகச் செலுத்துங்கள். சலைனில் ரத்தம் இல்லை என்பதால், சரியாகப் போகும் லைனில் கோடு கானுலாவிலிருந்து மேல்நோக்கி வெளுத்துக்கொண்டே போகும். நிறுத்தியதும் மறுபடி கருக்கும். கோடு மாறாமல் அப்படியே கிடந்தாலோ, சுற்றிலும் மேகம் மாதிரி பரவினாலோ, சலைன் நரம்புக்கு வெளியே போகிறது. லைனை எடுத்து, பஞ்சு வைத்து அழுத்திப் பிடியுங்கள். அடுத்த குத்து அதே நரம்பில் என்றால் இதற்கு மேற்பக்கம், இதயத்தை நோக்கி இருக்க வேண்டும். கீழ்ப்பக்கம் குத்தினால் மருந்து இதே ஓட்டை வழியாகக் கசியும்.

இந்தச் சோதனை ஆழமான நரம்பில் சரியாகத் தெரியாது. மெஷின் சரி என்றாலும் கையால் தொட்டுப் பார்ப்பதும், இரு கைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் நிற்கக்கூடாது.

உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டிய இடம்: சலைன் அல்லாமல் கால்சியம், பொட்டாசியம், ஃபெனிட்டாயின், செறிவான டெக்ஸ்ட்ரோஸ், ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து, இவற்றில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்போது வீங்கினால் மருந்தை நிறுத்துங்கள், ஃப்ளஷ் போடாதீர்கள், கானுலாவை அவசரப்பட்டு உருவாதீர்கள். அதன் வழியாகவே உள்ளே இருப்பதை உறிஞ்ச வேண்டியிருக்கலாம். தோல் வெளுத்தாலோ கொப்புளித்தாலோ நிமிடக் கணக்குத்தான்.

## குண்டுக் குழந்தை; லைட்டிலும் ஒன்றுமே இல்லை

ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரை, கையில் வளையல் வளையலாக மடிப்பு விழுந்த செல்லங்கள். இந்த மெஷின்களுக்கு எட்டும் ஆழம் சுமார் ஒரு சென்டிமீட்டர். அதற்குக் கீழே இருப்பதை எந்த செட்டிங் போட்டாலும் காட்டாது. கருத்த தோல் என்பதால் தெரியவில்லை என்று சிலர் சொல்வார்கள். அது கண்ணுக்குத்தான் பொருந்தும். மெஷினின் ஒளியைத் தோலின் நிறம் அவ்வளவாகத் தடுப்பதில்லை, தடை பெரும்பாலும் ஆழம்தான்.

கொழுப்பு குறைந்த இடங்களில் மட்டும் லைட்டைப் பிடியுங்கள்: புறங்கை, மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம், புறங்கால். அங்கும் இல்லையென்றால் லைட்டை வைத்துவிட்டு உள்கணுக்காலுக்கு வாருங்கள். கணுக்கால் எலும்பின் முன்னால், சற்று மேலே, நீளவாக்கில் ஒரு நரம்பு ஓடும். அது அநேகமாக இடம் மாறாது, தெரியாவிட்டாலும் இருக்கும். பழகிய கை எலும்பை அடையாளமாக வைத்தே அதைப் பிடித்துவிடும்.

அதுவும் தவறினால் அல்ட்ராசவுண்ட் வைத்துப் போடத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பெரும்பாலான மருத்துவமனைகளில் அது அனஸ்தீஷியா டாக்டர் அல்லது ஐசியு டாக்டர். ஆழத்தைக் காட்டுவது அந்த மெஷின்தான். "நான்கு குத்துக்குப் பிறகு கூப்பிடலாம்" என்று காத்திருக்காதீர்கள், லைட்டில் எதுவும் இல்லை என்று தெரிந்ததுமே கூப்பிடலாம்.

## வறண்ட குழந்தை; கோடு நூலாகத் தெரிகிறது

வயிற்றுப்போக்கு, கண் குழி விழுந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளினால் மெதுவாகத் திரும்புகிறது. நரம்பில் ரத்தம் குறைவாக இருப்பதால் கோடும் மெலிந்திருக்கும். சூடு கொடுத்து, கையைத் தொங்கவிட்டு, மறுபடி பாருங்கள். இரண்டு நிமிடத்தில் கொஞ்சம் தடித்தால் அங்கே முயலலாம்.

ஆனால் முதலில் குழந்தையைப் பாருங்கள். மயங்கிக் கிடந்தால், கைகால் சில்லிட்டு நாடி கிடைக்காவிட்டால் வெயின் ஃபைண்டரை எடுக்கவே எடுக்காதீர்கள். ஆளைக் கூப்பிடுங்கள். அந்தக் குழந்தைக்கு எலும்புக்குள் ஊசி போடுவதுதான் வழி, முழங்காலுக்குக் கீழே உள்பக்கத் தட்டையான எலும்பில். பயிற்சி பெற்ற டாக்டருக்கு அது ஒரு நிமிட வேலை. லைட்டைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் தேடியதை யாரும் திருப்பித் தர முடியாது.

கடுமையாக வறண்டிருந்தும் லைன் கிடைக்காத இடத்தில், மூக்கு வழியாகக் குழாய் போட்டு ஓஆர்எஸ் கொடுக்கும் முறை உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. மணிக்கு ஒரு கிலோ எடைக்கு 20 மில்லி, ஆறு மணி நேரம். முடிவு டாக்டருடையது, ஆனால் நாம் நினைவூட்டலாம்.

## பச்சிளம் குழந்தை. கோடுகள் குழம்பித் தெரிகின்றன

தோல் காகிதம் மாதிரி. வெறும் கண்ணுக்கே நரம்பு தெரியும். மேலிருந்து பிடிக்கும் மெஷின் இங்கே தேவையில்லாத நூறு கோடுகளைக் காட்டிக் குழப்பும். உள்ளங்கையின் கீழிருந்து எல்இடி ஒளியைக் கொடுத்துப் புறங்கையைப் பார்ப்பது எளிது.

மஞ்சள் காமாலைக்கு ஃபோட்டோதெரபியில் இருந்தால் நீல விளக்கைச் சற்று நேரம் அணையுங்கள், அந்த வெளிச்சத்தில் எந்தப் படமும் தெரியாது. எல்இடி என்றாலும் ஒரே இடத்தில் நெடுநேரம் வைக்காதீர்கள். பழைய பல்ப் டார்ச்சால் பச்சிளம் தோல் வெந்த சம்பவங்கள் உண்டு. செல்போன் டார்ச் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவசரத்துக்குக் கை கொடுத்திருக்கலாம், ஆனால் போனும் சூடாகும், அதன் மேல் இருக்கும் அழுக்கு நமக்கே தெரியும்.

தலையில் நரம்பு தேடினால் குழந்தையின் கண்ணை மூடிவிட்டுத்தான் லைட்டை எரியவிட வேண்டும். அது லேசர் ஒளியாக இருக்கலாம்.

## ரத்தம் பளிச்சென்று சிவந்து, துடித்து வருகிறது

குத்தியது தமனி, இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய். சின்னக் குழந்தையில் தமனியும் மேலாகவே ஓடும், லைட் இரண்டையும் பெயர் எழுதிக் காட்டாது. நெற்றிப்பொட்டு, மணிக்கட்டு, இந்த இடங்களில் கோட்டைக் குத்தும் முன் விரல் வைத்துத் துடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். குத்திவிட்டால் எந்த மருந்தும் போடாமல் எடுத்து, ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். ப்ளேட்லெட் குறைந்த குழந்தைக்கு இன்னும் அதிகம். விரல் நுனிகள் வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ டாக்டர் அதே நிமிடம் வர வேண்டும்.

## கை ஒரு இடத்தில் நிற்கவில்லை, படம் ஆடுகிறது

துண்டில் சுற்றுங்கள், ஒரு கை மட்டும் வெளியே. அம்மா தலைமாட்டில் இருக்கட்டும், பிடிக்கும் வேலையை அவருக்குக் கொடுக்காதீர்கள். சில மாதக் குழந்தைக்கு இரண்டு நிமிடம் முன்பே நாக்கில் சில துளி 24 சதவீத சுக்ரோஸ். இரண்டு வயதுக்கு மேல் என்றால் முதலில் அந்த லைட்டை அம்மா கையில் காட்டுங்கள். "அம்மா கையில மரம் வளருது பாரு!" என்றால் பாதிக் குழந்தைகள் தானாகவே கையை நீட்டும். மற்ற பாதி இன்னும் அலறும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

## மெஷின் மேலேயே சந்தேகம்

உங்கள் புறங்கையில் நன்றாகப் புடைத்த நரம்பின் மேல் நேராகப் பிடியுங்கள். கோடு புடைப்பின் நடுவில் விழ வேண்டும். தள்ளி விழுந்தால், நேராகப் பிடித்தும் தள்ளியே விழுந்தால், அது எப்போதோ கீழே விழுந்து உள்ளே அலைன்மென்ட் கலைந்திருக்கிறது. அன்றே பயன்பாட்டிலிருந்து எடுத்து, "குத்தப் பயன்படுத்தாதே" என்று எழுதி ஒட்டி, மருத்துவக் கருவிகளைப் பழுது பார்க்கும் பயோமெடிக்கல் பிரிவுக்கு அனுப்புங்கள். நீங்களே திறக்காதீர்கள். சர்வீஸ் முடியும் வரை லைட் இல்லாமல் வேலை பார்ப்பது, தப்பாகக் காட்டும் லைட்டோடு வேலை பார்ப்பதை விடப் பாதுகாப்பு.

மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் லென்ஸில் படிந்த பெட்டாடின், ஜெல், விரல் ரேகை. கையேட்டில் சொன்ன திரவத்தைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். மெஷின் மேல் ஸ்ப்ரே பண்ணினால் உள்ளே இறங்கும். பேட்டரி பழசானால் முதலில் படம் வெளிறும், பிறகுதான் அணையும். எங்களுடையதைச் சார்ஜில் போடுவது இரவு டூட்டியின் முதல் வேலை.

லைன் நின்ற பிறகு கேஸ் ஷீட்டில் "ஐவி லைன் போடப்பட்டது" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எந்தக் கை, எந்த இடம், என்ன அளவு, எத்தனை குத்து, தவறிய இடங்கள் எவை, லைட் பயன்பட்டதா, வேறு எங்கே நல்ல கோடு தெரிந்தது என்று எழுதுங்கள். அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் ராத்திரி இரண்டு மணிக்கு லைன் அடைத்துக்கொண்ட குழந்தைக்கு அடுத்த ஸ்டாஃப் வலது காலைத் தூக்குவார்.